குளியலறைப் படி பற்றிய மூன்று சீட்டுகள்

ஆட்கள் எங்கே விழப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது என் தொழில். தொழிற்சாலையில் பாதுகாப்புப் பொறியாளர். ஆறு சான்றிதழ்கள் சுவரில் தொங்குகின்றன. என் அப்பா எங்கள் வீட்டுக் குளியலறைப் படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, பதினோராம் நாள் இறந்துபோனார். அந்தப் படியைப் பற்றி எனக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார்.

அப்பா ஒரு கிடங்கில் முப்பத்தோரு வருடம் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அங்கே ஒரு மஞ்சள் பெட்டி உண்டு. விபத்து மயிரிழையில் தப்பினால் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். யாரும் போட மாட்டார்கள். போட்டால், "உன் கவனம் எங்கப்பா போச்சு?" என்று சூப்பர்வைசர் பிடித்துக்கொள்வார். அப்பா மட்டும் வாரத்துக்கு இரண்டு போடுவார். பெரும்பாலும் தன் மேலேயே: "ரிவர்ஸ் எடுக்கும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாட்ச்மேன் குதித்துத் தப்பினார்." அவருக்கு 'மஞ்சப்பெட்டி' என்றே பெயராகிவிட்டது.

ஓய்வுக்குப் பின் பெட்டி இல்லை, ஃபிரிட்ஜ் இருந்தது. நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி அதில் காந்தம் வைத்து ஒட்டுவார். "குளியலறைப் படி. ஈரம். வலது கால் வழுக்கியது. விழவில்லை." நான் அதன் கீழே சிவப்புப் பேனாவில் 'பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய நகைச்சுவை என்று நினைப்பு.

"எழுதினது என்ன ஆச்சும்மா?" என்று கேட்டார் அப்பா.

"பரிசீலனையில இருக்குப்பா."

"உங்க ஃபேக்டரியிலயும் இப்படித்தானா?"

"அங்க இன்னும் மோசம். ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

சிரித்தார். இரண்டாவது சீட்டு வந்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கைப்பிடி பொருத்த அளவெடுத்து நோட்டில் குறித்தேன். நோட்டை மூடினேன். மூன்றாவது சீட்டில் நான்கே சொற்கள்: "அதே படி. அதே கால்." அந்த வாரம் நான் அறுபது தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். தலைப்பு: 'தப்பிய விபத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.' நல்ல கைத்தட்டல்.

காரியமெல்லாம் முடிந்தபின் நோட்டைத் திறந்தேன். படியை உடைத்துச் சரிவாக்குவதுதான் முறை. கொத்தனார் அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார். அதுவரைக்கும் என்று, குறித்த உயரத்தில் டைல்ஸில் துளை போட்டு, ஸ்டீல் கைப்பிடி பொருத்தி, தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் அம்மா.

நாலாம் நாள் அவள் முழங்கையில் நீலமாக இருந்தது.

"என்னம்மா இது?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"எந்தக் கதவுல?"

"ஏண்டி, நீ என்ன போலீஸா?" முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டு, "படியிலதான். விழலை. சும்மா சாஞ்சேன்."

"ஏன் சொல்லலை?"

"அந்தப் படியைப் பார்த்தாலே உனக்குக் கண்ணு கலங்குது. இதுல நான் வேற சொல்லணுமா?"

ஆட்கள் ஏன் புகார் செய்வதில்லை என்பதற்கு என் வகுப்பில் ஏழு காரணங்கள் சொல்வேன். இது அதில் கிடையாது.

நாட்காட்டித் தாளையும் பேனாவையும் அவளிடம் நீட்டினேன். "எழுதிக் குடும்மா. அழ மாட்டேன்."

"இதுக்குமேல ஆபீஸ் நடத்துவியா வீட்டுல?" என்றாலும் எழுதினாள்: "கைப்பிடி உயரமாக இருக்கிறது. குதித்தால் எட்டும்."

டேப்பை எடுத்து அவள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். நான் பொருத்தியிருந்தது அப்பாவின் அளவு. அவர் அம்மாவைவிட ஓரடிக்கு மேல் உயரம். ஆறு சான்றிதழ்களோடு, இல்லாத ஆளுக்குக் கைப்பிடி வைத்திருக்கிறேன்.

"அவர் உயரத்துக்கு வச்சிட்டியேடி," என்றாள் அம்மா. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் வாக்கு மீறினேன்.

அன்றைக்கே கழற்றி, அவள் கையை மடக்கச் சொல்லி அளவெடுத்து, கீழே பொருத்தினேன். பிடித்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். சீட்டில் சிவப்புப் பேனா படவில்லை. அவளே கிழித்துப் போட்டாள்.

"மேல நாலு ஓட்டை இருக்கே, அடைக்கலையா?"

"பரிசீலனையில இருக்கும்மா."