வாய், வால், குணம்: டிரஸ்ஸர் தேவசகாயம் பார்த்த மீன் பொருத்தம்

சென்ற மாதம் ஒரு காலை, தானா ராத்தாவில் என் வீட்டுக்குக் கீழே உள்ள மளிகைக் கடைக்கு ஈப்போவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். டிரஸ்ஸர் தேவசகாயத்தின் மகள் ஸ்டெல்லா பேசினாள். "அங்கிள், அப்பா விடியக்காலையில போயிட்டாரு," என்றாள்.

அடக்கம் முடிந்த பிறகு, முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிக்க அப்பாவைப் பற்றி நான்தான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டிரஸ்ஸராக, அதாவது தோட்ட ஆஸ்பத்திரியின் பொறுப்பாளராக, நெடுங்காலம் பணியாற்றிய தேவசகாயம் அவர்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. அவர்கள் யாரும் மாட்டவில்லை போலும். தடுமாறாமல் இருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அவரை நான் முதலில் சந்தித்தது.
2. எந்த மீனை எந்த மீனோடு வைக்கலாம் என்பதற்கு அவர் வகுத்த விதிகள்.
3. துரையின் மீன்களுக்கு நேர்ந்தது.
4. அவர் யார் சொல்லையும் கேட்காதவர் என்பது. (முதல் மூன்றில் என் நினைவு பிசகியிருக்கலாம். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.)

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தோட்டத்து அலுவலகத்துக்கு இரண்டாம் கிராணியாக, கணக்கெழுதும் வேலைக்கு, மாற்றலாகி வந்தேன். வந்த வாரமே மலைக் குளிரில் இருமல் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் தங்க மீன்கள். என் முறை வந்தும் உள்ளே போகத் தயங்கி, பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவரே வெளியே வந்தார். நல்ல உயரம். கோயில் மணி போன்ற குரல்.

"கிராணி மருந்துக்கு வந்தீங்களா, மீன் பாக்க வந்தீங்களா?"

கேட்ட வேகத்தில் பயந்துபோய் மீன் பார்க்க என்று சொல்லிவிட்டேன். உடனே பக்கத்தில் உட்கார்ந்து மீன்களைப் பற்றி விளக்கத் தொடங்கினார். இருமல் மருந்தை மறுநாள் போய் வாங்கினேன்.

இனி விதிகள். "உங்க ஆளுங்க கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்குறாங்க. மீனுக்கு மூணு போதும் லா. வாய், வால், குணம்," என்பார். ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று போகுமென்றால் அது பொருத்தமில்லை, விருந்து. நீள வால்காரன் மெதுவாகத்தான் நீந்துவான். வேகக்காரனோடு சேர்த்தால் பட்டினி கிடப்பான். கூட்டமாக வாழ்வதைத் தனியாக வைக்காதே, தனியாக வாழ்வதைக் கூட்டத்தில் தள்ளாதே. இவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து மீன் வாங்குகிறவர்களை அவருக்கு ஆகாது. கலரைப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் கதியை நான் அறிவேன் என்று ஒருமுறை சொன்னபோது, ஆஸ்பத்திரியோடு ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மனைவி ரோஸ்மேரி அக்கா, "யாரச் சொல்றீங்க?" என்றார். டிரஸ்ஸர் உடனே ஒரு நோயாளியின் நாக்கைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்தது துரையின் மீன்கள். தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் இருந்தது. பிறை நிலா வடிவம், கீழும் மேலும் நீண்டு தொங்கும் துடுப்புகள். துரை நீண்ட விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டபோது, தொட்டியோடும் நீரைச் சூடாக்கும் கருவியோடும் அவற்றை டிரஸ்ஸரிடம் ஒப்படைத்தார். தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு மின்சாரம் இரவில் நின்றுவிடும். மருந்து வைக்கும் குளிர்பெட்டிக்காக ஆஸ்பத்திரிக்கு மட்டும் விடிய விடிய உண்டு.

டிரஸ்ஸருக்கு அப்போது ஓய்வு வயது நெருங்கியிருந்தது. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். ஸ்டெல்லா தானா ராத்தாவில் பள்ளிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துத் தரும்படி அவர் கேட்டிருந்தார். திரும்பி வந்து முடிவு சொல்வதாகத் துரை சொல்லிப் போயிருந்தார். ஆகவே அந்த இரண்டு மீன்களின் மேல் ஒரு குடும்பமே குடியிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அவற்றை அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இரண்டும் முகம் வாடியிருப்பதாக டிரஸ்ஸர் கண்டுபிடித்தார். துணைக்குக் கப்பி என்னும் சின்னஞ்சிறு மீன்களை விடத் தீர்மானித்து, ஈப்போ போகும் லோரி டிரைவர் முனியாண்டியிடம் வாசலில் நின்றபடி சொல்லி அனுப்பினார். மாலையில் லோரி வந்தது. முனியாண்டி இரண்டு சாக்குகளை வராந்தாவில் இறக்கினார். உள்ளே சாலைக்குப் போடும் கப்பிக்கல்.

"என்னய்யா இது?"

"நீங்கதான சொன்னீங்க டிரஸ்ஸரய்யா, நல்ல கப்பியா, பெருசும் சிறுசுமா கலந்து வாங்கியான்னு."

"வால் இருக்கணும்னு சொன்னேனே."

"வாளின்னு கேட்டுச்சு. அதான் வாளியிலயே அளந்து வாங்குனேன்."

வரிசையில் நின்ற காய்ச்சல்காரர்கள்கூடச் சிரித்தார்கள். கல்லை ஆஸ்பத்திரிப் பாதையில் கொட்டினார்கள். மழைக்காலத்தில் அது மிகவும் உதவியது. கப்பி மீனே வந்திருந்தாலும் ஏஞ்சலின் வாய்க்குள் போயிருக்கும் என்று பின்னால் படித்தேன். அந்தச் சாக்குகள் பல உயிர்களைக் காப்பாற்றின என்றே நினைக்கிறேன்.

முனியாண்டிக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த நடையில், ஈப்போவில் மீன் கடை வைத்திருந்த சீனரிடம் கேட்டு, மஞ்சளில் கறுப்புப் பட்டை போட்ட டைகர் பார்ப் மீன்களைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தார். டிரஸ்ஸர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வாய் சின்னது. வால் குட்டை. குணம் சுறுசுறுப்பு. பொருத்தம் என்றார். கல் விஷயத்தில் பட்ட வெட்கத்தில் அவருடைய இரண்டாம் விதியை அவரே மறந்துவிட்டார்.

அந்த மீன் நீளத் துடுப்புகளைக் கடிக்கும் என்று நான் படித்திருந்தேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் பை பாதி அவிழ்ந்துவிட்டது.

"ஐயா, அது வாலைக் கடிக்குமாம்," என்றேன்.

"யாரு சொன்னா?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறது."

"புத்தகம் மீன் வளத்திருக்கா, கிராணி?"

மறுபடியும் காய்ச்சல்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீன்கள் தொட்டிக்குள் போயின.

வாரம் முடிவதற்குள் ஏஞ்சல்கள் இரண்டும் காற்றில் மடங்கிக் கிழிந்த குடை மாதிரி ஆகிவிட்டன. பார்ப் மீன்களைப் பிடித்து ஓர் ஊறுகாய்ச் சாடியில் அடைத்து, சமையலறை அடுப்போரம் வைத்தார். ரோஸ்மேரி அக்கா தம் ஊறுகாய்க்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. "துரை வந்து பாத்தாருன்னா மீனுக்கு முன்ன நம்மள மலைய விட்டுக் கீழ இறக்கிடுவாரு லா. புருசனுக்கும் அந்த மீனுக்கும் என்ன பொருத்தம்னு யாருகிட்டப் போய்க் கேப்பேன்?" என்றார். டிரஸ்ஸர் தினமும் தண்ணீர் மாற்றினார், கல் உப்புக் கரைத்துவிட்டார், ஞாயிறு பூசையில் எதற்காக மன்றாடினார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். துடுப்புகள் மெல்ல வளர்ந்தன.

பாதி வளர்ந்திருந்தபோது துரை வந்துவிட்டார். சம்பளப் பட்டியலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நானும் அங்கே அகப்பட்டுக்கொண்டேன். துரை தொட்டியை வெகுநேரம் குனிந்து பார்த்தார். மீன்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். நோய் என்று சொல்லியிருக்கலாம். டிரஸ்ஸர் சொன்னால் யார் மறுக்க முடியும்? அவரோ, தவறு என்னுடையது, வேறு மீனைச் சேர்த்தேன், இந்தக் கிராணி முன்பே சொன்னார், நான் கேட்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டார்.

துரை நிமிர்ந்து, மஞ்சளில் கறுப்புப் பட்டையா என்று கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்துவிட்டார். அவருடைய மனைவியும் முன்பு அதே மீனைத்தான் வாங்கி விட்டாராம். ஆறாக இருந்த ஏஞ்சல்கள் இரண்டானது அப்படித்தானாம். வெளியே போகும்போது, நீட்டிப்புக் கடிதத்தை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னார். ரோஸ்மேரி அக்கா திரைக்குப் பின்னால் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான்காவது குறிப்புக்கு வருகிறேன். அதற்குப் பிறகும் டிரஸ்ஸர் மாறவில்லை. புது மீன் வந்தால் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, "கிராணியக் கூப்பிடு," என்று ஆள் அனுப்புவார். நான் போய்ப் பார்த்து, மெல்ல, வேண்டாம் ஐயா என்பேன். "இவருக்கு என்ன தெரியும்," என்று பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்து உரக்கச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். என்னைக் கேலி செய்யத்தான் கூப்பிடுகிறார் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

அடக்கத்தன்று ஸ்டெல்லா என்னை வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனாள். ஒரு பெரிய தொட்டியில் மோலி, குராமி வகை மீன்கள் நீந்தின. பக்கத்தில் நீர் நிரப்பிய ஒரு பேசினில், வாலின் கீழ்நுனி கத்தி போல் நீண்ட சிவப்பு மீன்கள் தனியாக இருந்தன. அப்பா இரண்டு வாரத்துக்கு முன் வாங்கியவை என்றாள். "நான் போடவான்னு கேட்டேன் அங்கிள். 'இரு, கிராணி வந்து பாக்கட்டும்'னாரு."

குனிந்து பார்த்தேன். வாய் சின்னது. குணம் சாது. வெப்பமும் ஒத்துப்போகும். உள்ளே அவர் படுத்திருந்த திசையைப் பார்த்து, "போடலாம், ஐயா," என்றேன். ஸ்டெல்லா பேசினைச் சாய்த்தாள். அவை ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறங்கிப் போயின. போய் வாருங்கள், டிரஸ்ஸர் ஐயா.

இதை எழுதும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான் வேண்டாம் என்ற எந்த மீனும் அந்தத் தொட்டியில் நீந்தி நான் கண்டதில்லை. அத்தனையும் அடுத்த லோரியிலேயே கடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஆகவே, சந்தேகமே இல்லை என்று நான் எழுதிய நான்காவது குறிப்பு தவறு.