பன்னிரண்டு நிமிட நட்சத்திரம்

முன்னறையில் தேத்தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு உறிஞ்சல், ஒரு சிரிப்பு, மறுபடி ஒரு உறிஞ்சல். உள்ளறையில் கணினிமுன் உட்கார்ந்திருந்த வசுமதி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"அக்கா, உங்க பொண்ணு பெரிய இடத்துக்குப் போவப்போறா லா! இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

பேராசிரியர் தங்கராஜு. அவளுடைய ஆராய்ச்சியின் மேற்பார்வையாளர். கோலாலம்பூரிலிருந்து காரில் மலையேறி வந்திருந்தார்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, கம்போங் ராஜாவில் பஸ் பிடித்துப் படித்தவள் வசுமதி. கொழுந்து பறித்தே அவளைப் பட்டதாரி ஆக்கியவள் தாய் பவளம். மூன்று வருடமாக மகளின் உலகம் ஒரே ஒரு நட்சத்திரக் கொத்துதான். லட்சக்கணக்கில் நட்சத்திரங்கள் நெருக்கியடிக்கும் அந்தக் கூட்டத்தில், செத்துச் சுருங்கிய நட்சத்திரம் ஒன்று தன் துணையின் வாயுவை இழுத்துக்கொண்டே சுற்றும் இரட்டைகள் உண்டு. அந்த வாயு கொதித்து எக்ஸ் கதிராக எரியும். விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய பதிவுகளில் அவற்றைத்தான் அவள் தேடினாள்.

போன மாதம் அதில் ஓர் ஒளிப்புள்ளி, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மங்கியது. அவ்வளவு வேகமாகச் சுற்றும் இரட்டை மிக அபூர்வம். வசுமதி ஆனந்தத்தில் அழுதாள், பேராசிரியரிடம் சொன்னாள், அவர் ஊரெல்லாம் சொன்னார். ஆனால் சரிபார்த்தபோது அவள் நெஞ்சு உடைந்தது. அந்தத் தொலைநோக்கி வேண்டுமென்றே மெல்ல அசைந்தபடிதான் வானத்தைப் பார்க்கும். அந்த அசைவும் பன்னிரண்டு நிமிடம். புள்ளி மங்கவே இல்லை. கருவியின் விளிம்பைத் தாண்டித் தாண்டி விழுந்திருக்கிறது. உடனே அவருக்கு எழுதினாள். அதற்குப் பதில்தான் இந்த வருகை.

எழுந்து முன்னறைக்குப் போய், அவர் கொண்டுவந்த தாளை எடுத்துப் படித்தாள்.

"நான் சோதிச்சேன், தப்பில்லன்னு இதுல போட்டிருக்கீங்க. நான் தப்புன்னுதானே சார் எழுதினேன்?"

"யாரும்மா அங்க போய்ப் பாக்கப்போறா?" அவர் உதட்டில் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. "வெளிநாட்டுல உனக்கு இடம் என் ஒரு வார்த்தையில இருக்கு. வேணாமா? கூடைய மாட்டிக்கிட்டு அம்மாகூடப் போ லா."

வசுமதிக்குக் கூசியது. இந்த மனிதரையா மூன்று வருடம் தெய்வம் என்று நினைத்தோம்!

"என்ன பாப்பா தப்பு?" என்றாள் பவளம்.

"தராசு ஆடுறப்பவே எடை சொல்ற மாதிரிம்மா. ஆட்டம் தராசுல, கொழுந்துல இல்ல."

பவளத்தின் முகம் சுருங்கியது. முள் நிற்குமுன்பே எடையைக் குறைத்துச் சொல்லும் தோட்டக் கணக்கரான கிராணியிடம் பல வருடம் ஏமாந்தவள் அவள்.

"முள்ளு நிக்கட்டும் ஐயான்னா, அந்த ஆளும் இப்படித்தான் இளிப்பாரு, சார்." பவளம் அவர் முன்னாலிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டாள். பாதித் தேத்தண்ணீர் மிச்சமிருந்தது.

"எனக்கு இடம் வேணாம் சார்." கையெழுத்துப் போடாமலே தாளை அவரிடம் நீட்டினாள் வசுமதி.

"உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிற. அப்புறம் என்கிட்ட வராத."

தாளை மடித்துப் பைக்குள் திணித்தார். போகிறபோக்கில் பிசுபிசுத்த விரல்களை வாசல் திரைச்சீலையில் துடைத்துவிட்டுப் படியிறங்கினார். கார் கிளம்பும்வரைகூடப் பொறுக்காமல் பவளம் கதவைச் சாத்தினாள்.