சாத்தாத கதவு

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில், டோர்செட் பார்க் அடுக்குமாடி ஒன்றில் எட்டாம் மாடியில் இருந்தோம். வேலையில்லாத பகல்களில் நான் ரோமர் வரலாறு படிப்பேன். ரோமில் ஒரு கோயிலாம். போர் நடக்கும்வரை அதன் கதவு திறந்தே கிடக்கும், சமாதானம் வந்தால்தான் சாத்துவார்களாம். பல நூறு ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான் சாத்தினார்களாம். எனக்கு எரிச்சல் வந்தது. உலகத்தைக் கட்டி ஆண்டவர்களுக்கு ஒரு கதவைச் சாத்த முடியவில்லையா?

எங்கள் வாசலிலும் ஒரு பை இருந்தது. ஓட வேண்டி வந்தால் தூக்குவதற்கு, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் அதற்குள். போருக்குத் தப்பி நாங்கள் விட்டு வந்த ஊரில் போர்நிறுத்தம் என்று வானொலி சொன்ன அன்று மனைவியிடம், "இனிப் பயமில்லை, உந்தப் பையை அலுமாரிக்குள்ள வையும்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கட்டடத்தின் நெருப்பு அலாரம் அலறியது. எல்லோரும் படியால் இறங்கி வெளியே ஓடினார்கள். நாங்களோ மகளையும் இழுத்துக்கொண்டு, ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் குப்புறப் படுத்துவிட்டோம்.

யாரோ டோஸ்டரில் பாணைக் கருக்கியிருக்கிறார்கள். அலாரம் நின்றதும் மகளைப் பார்த்தேன். நாலு வயது, இங்கே பிறந்தவள், குண்டுச் சத்தம் கேட்டறியாதவள். குண்டு விழும்போது காது கிழியாமலிருக்க ஊரில் பங்கர் குழிக்குள் நாங்கள் குச்சியைக் கடிப்போமே, அப்படியே தன் சின்னப் பல் பிரஷைக் கடித்தபடி கிடந்தாள்.

இதை ஆர் சொல்லிக் கொடுத்தது என்று மனைவியிடம் கத்தப் போனேன். முடியவில்லை. என் பற்களுக்கிடையிலும் ஒரு பிரஷ் இருந்தது.