புக்கிட் புத்துஸ் அடிவாரம் வரை

என் மனைவி மூன்றாவது முறையாகக் கர்ப்பமாக இருந்தபோதுதான் நான் ரேசிங் சைக்கிள் வாங்கினேன். முதல் இரண்டும் நான்காம் மாதத்தைத் தாண்டவில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் அவள் எழுவது, நடப்பது, குனிவது எல்லாவற்றையும் என் கண் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்னையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. எனக்கு பயமா இருக்கு. எங்கயாச்சும் போயிட்டு வாங்களேன்," என்றாள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு விலை வீட்டில் இருந்தோம். நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோரில் என்னோடு ஒரு சீன நண்பர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேரோடு சேர்ந்து தூர தூரமாகச் சைக்கிள் மிதிப்பவர். தன் பழைய சைக்கிளை என் தலையில் கட்டியவர் அவர்தான். இன்னும் சில மாதங்களில் தம்பின், கோலா பிலா வழியாக சிரம்பான் போகப்போகிறோம், அதற்குள் பழகிக்கொள் என்றார்.

பழகுவது சுலபமாக இல்லை. அந்த மாதிரி சைக்கிளில் பாதத்தைப் பெடலோடு வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் சிவப்பு விளக்கிலேயே வாரை அவிழ்க்க மறந்து, நின்ற நிலையில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன். காரில் இருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். ஒரு வாரம் உட்கார இடமில்லாமல் ஸ்டோரில் நின்றுகொண்டே கணக்கு எழுதினேன். கோலா சுங்கை பாரு வரை போன அன்று, திரும்பும் வழியில் திடீரென்று கைகால் நடுங்கி, கண் இருட்டி, சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நண்பர் வாழைப்பழத்தை உரித்து வாயில் திணித்தார். பசி வருவதற்கு முன்பே சாப்பிடவேண்டும், தாகம் வருவதற்கு முன்பே குடிக்கவேண்டும், வந்த பிறகு எதுவும் செய்ய முடியாது என்றார். அதை நான் சைக்கிளுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டைப் பற்றியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் மாமியார் வந்து சட்டம் போட்டபோது மறுபேச்சுப் பேசவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ள வேறொரு தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, கடலில் குளிக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது. முந்தைய இரண்டு முறையும் நான் ஒழுங்காக முடி வெட்டிக்கொண்டு திரிந்தவன். இதையெல்லாம் நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நம்பாமல் இருக்கத் துணிச்சல் வரவில்லை.

"அத்தை, ரோட்டுல ஏத்தம் வருதே, அதுவும் மலையா?" என்று கேட்டேன்.

"புக்கிட்னு பேரு இருந்தா அது மலைதான் மாப்ள. மலாய்க்காரவங்க சும்மாவா பேரு வச்சிருப்பாங்க?"

மலாக்காவில் இருப்பவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். புக்கிட் பாரு, புக்கிட் கட்டில், புக்கிட் ரம்பை என்று திரும்பின பக்கமெல்லாம் புக்கிட். பாதி இடத்தில் ஒரு பந்தை வைத்தால் உருளக்கூட உருளாது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். டவுனுக்குப் போக பத்து பிரண்டாம் வழியாகச் சுற்றினேன். தூரப் பயிற்சிக்கு உம்பாய் பக்கம் போனேன். அங்கே கடல் உண்டு, ஆனால் குளிக்கத்தானே கூடாது. தாடி வளர வளர வியர்வையில் அரித்தது. இறக்கத்தில் வேகமாகப் போனால் பூச்சி சிக்கிக்கொள்ளும்.

நண்பர் ஒருநாள் தாடியைப் பற்றிக் கேட்டார். கூச்சத்தோடு மலாயில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. தன் மனைவி பிள்ளை உண்டாகியிருந்தபோது தான் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை என்றும், உடைந்த கதவைப் பிரசவம் ஆகும்வரை கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்ததாகவும் சொன்னார். அன்றிலிருந்து அவர் வழி சொல்லும்போது புக்கிட் இல்லாத வழியாகவே சொன்னார்.

நான்காம் மாதம் தாண்டியது. ஐந்தும் தாண்டியது. கிளினிக்கில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மனைவி தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாலர் வகுப்பு ஆசிரியை. வேலையை விடமாட்டேன் என்று அம்மாவிடம் பிடிவாதமாக நின்று போய்வந்துகொண்டிருந்தாள். என் கால்களும் இறுகியிருந்தன. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, காற்று படாமல் ஒட்டிக்கொண்டே போகப் பழகியிருந்தேன். பயம் இருந்தது, ஆனால் அது இப்போது என் கழுத்தைப் பிடிக்கவில்லை. சிரம்பான் போகும் நாள் வந்தபோது நானும் புறப்பட்டேன். கோலா பிலாவுக்கு அப்பால்தான் புக்கிட் புத்துஸ். அது பேருக்கு மலை அல்ல, வளைந்து வளைந்து ஏறும் நிஜ மலைப்பாதை. அடிவாரம் வரை போய்த் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

தம்பின் தாண்டி, கோலா பிலாவில் ரொட்டி தின்று, அடிவாரத்துக்கு வந்தபோது எனக்குக் களைப்பே இல்லை. அதுதான் கோபம். மூச்சு சீராக இருந்தது, தொடைகள் இன்னும் கேட்டன. மற்றவர்கள் கியரைக் குறைத்து ஏற ஆரம்பித்தார்கள். நண்பர் மட்டும் நின்று, ஏறுகிறாயா இல்லையா என்று கேட்டார். இத்தனை மாதம் நாய்ப்பாடு பட்டது இந்த ஏற்றத்துக்காகத்தானே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வளைவு மட்டும் ஏறிப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினேன். திரும்பும் வழியில் எதிர்க்காற்று. மறைந்து போக முன்னால் ஆள் இல்லை. தம்பின் அருகே மழையும் பிடித்துக்கொண்டது.

நனைந்துபோய் வாசலில் நின்றவனைப் பார்த்து மனைவி சிரித்தாள்.

"நெசமாவே திரும்பிட்டீங்களா? நான் ஏறிடுவீங்கன்னுல நெனச்சேன்."

"அங்க வரைக்கும் போயிட்டு, பேர் பலகைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்," என்றேன். அவள் என் ஈரக்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே அசைந்தது. எனக்கு அன்று மலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றிருந்தது.

அது நடந்து சில வாரம்தான். பள்ளியில் பரிசளிப்பு விழாவுக்காக நாற்காலி மேல் ஏறி வகுப்பில் வண்ணத்தாள் கட்டியிருக்கிறாள். மறுநாள் காலை வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் வெகுநேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "இனிமே நீங்க சவரம் பண்ணிக்கலாம் மாப்ள," என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நான் கன்னத்தில் கைவைத்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் மாமியார் ஒரே பாட்டைப் பாடினார். "நாக்காலி மேல ஏறியிருக்கா. வயித்துப் பிள்ளைக்காரி பண்ற வேலையா இது? வேலைக்குப் போகாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே." தடுப்புப் பலகைக்கு அந்தப்பக்கம் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒவ்வொரு முறை நாற்காலி என்ற சொல் வரும்போதும் கட்டில் லேசாகக் கிறீச்சிடும். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது போலிருக்கிறது. மூன்றாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ இல்ல அத்தை," என்றேன். "நான்தான். அன்னைக்கு நான் திரும்பல. புக்கிட் புத்துஸ் ஏறிட்டேன். ஏறி இறங்கித்தான் வந்தேன்."

வந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மாமியார் என் தாடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாற்காலியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குத் தட்டு வைத்துவிட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மகனுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போனவன், அவளுக்காவது ஒன்று செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமியார் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த ஒரு காலையில் மனைவி எழுந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முடி வாரவில்லை, கண் உள்ளே போயிருந்தது.

"நீங்க ஏறல. எனக்குத் தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சா என்ன. அவங்க வாய மூடணும்ல."

"அம்மா சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். எனக்கு அம்மாவப் பத்தி இல்ல." மேசை மேலிருந்த என் கோப்பையை ஒருபக்கமாகத் தள்ளி வைத்தாள். "என்மேல தப்பு இல்லன்னு நீங்க நெனச்சிருந்தா, அவ மேல தப்பு இல்லன்னு மட்டும் சொல்லி விட்டிருப்பீங்க. நீங்க அதோட விடல. பழிய எடுத்து உங்க மேல போட்டுக்கிட்டீங்க. அப்ப நான்தான் காரணம்னு நீங்களும் நெனச்சீங்களா?"

இல்லை என்று சொன்னேன். சொல்லத்தான் செய்தேன். ஆனால் அந்த ஒரு சொல் வாயிலிருந்து வருவதற்குள் அவள் நாற்காலி மேல் ஏறி நிற்பது என் கண்ணில் வந்து போய்விட்டது. அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.