எலியின் ஈரலும் முக்கால் விஞ்ஞானியும்

என் அக்கா கணவருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிக்கும் வேலை. கூண்டு கழுவ வேண்டும், தீனி வைக்க வேண்டும், வளைந்த ஊசிக்குழாயை எலியின் தொண்டைக்குள் விட்டு மருந்து இறக்க வேண்டும். நூலளவு தவறினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும், எலி அங்கேயே காலி. இருபது வருஷத்தில் அத்தான் அப்படித் தவறவிட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தத் தெம்பில் தன்னை முக்கால் விஞ்ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தார். மீதிக் கால் பங்கு வெறும் படிப்புதானாம்.

அந்த வருஷம் பூச்சிமருந்து ஆராய்ச்சி. ஒரு கூட்டம் எலிகளுக்கு வெறும் பூச்சிமருந்து. இன்னொரு கூட்டத்துக்கு ஏதோ இலையிலிருந்து பிரித்த மஞ்சள் தூளைக் கொடுத்துவிட்டு, அதன் மேல் பூச்சிமருந்து. தூள் குடித்த எலிகளின் ஈரல் கெடவில்லையாம். உடனே பேராசிரியர் மேடை மேடையாக ஏறி, "உழவர்களின் ஈரலுக்கு ஒரு கவசம்!" என்று முழங்கினார். அந்த மனிதர் வயலில் இறங்கியதே போட்டோவுக்குத்தான், அதுவும் ஷூவில் சேறு படாமல்.

அவர் முழங்கியதோடு போயிருக்கலாம். அத்தான் நம்பித் தொலைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போவது அவர் வழக்கம். முகமூடியையும் கையுறையையும் மூலையில் கடாசிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் மிஞ்சிய தூளைத் தண்ணீரில் கலக்கி ஒரே மடக்காகக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அத்தானுக்கு ஆயிரம் பேர் எதற்கு? அவர் ஒருவரே போதும்.

ஆறே மாதத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிட்டாள். ஒரே வாரத்தில் மூன்று எலிகள் ஊசி தவறிச் செத்தன. இப்படியே விட்டால் வேலையும் போகும், ஆளும் போவார். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

அடுத்த ஞாயிறு காலை அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"மாஸ்க் போட்டுட்டுப் போங்கன்னா கேக்கவே மாட்டீங்களா?"

"உனக்கு என்னடி தெரியும்? தூள் குடிச்ச எலி ஒண்ணுகூட சாகல. என் கண்ணால பாத்தவன் நான்."

"அப்படியா? அதுல ஒண்ணைக் கொண்டு வாங்களேன். இப்ப எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்."

அத்தான் குனிந்து செருப்பைத் தேடினார்.

"என்னங்க, எங்க அந்த எலிங்க?"

"ஈரலை எடுத்துப் பாக்கணும்ல... மருந்து குடுக்க ஆரம்பிச்ச இருபத்தொன்பதாம் நாள் எல்லாத்தையும் அறுத்துடுவோம்."

"தூள் குடிச்சதையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"யாரு அறுக்கறது?"

"நான்தான்."

"அப்ப, முப்பதாம் நாள் அதுங்களுக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

பேராசிரியரைக் கேட்டிருந்தாலும் இதற்குப் பதில் கிடைத்திருக்காது. அவருக்கு இருபத்தொன்பது நாள் போதுமானதாக இருந்தது.