ஜெனி ஊருக்குப் போகாத குளிர்காலம்

தேங்காயெண்ணெய் வெள்ளை மெழுகாக உறைந்து, கரண்டிக் காம்பை விட்டுக் குடைந்தால் பொடிப்பொடியாக உதிரும் என்பதை நான் ஐம்பது வயதுக்கு மேல் குவைத்தில்தான் கண்டேன். அப்பாசியாவில் நாங்கள் இருந்த பிளாட்டில் டிசம்பர் பிறந்துவிட்டால் எண்ணெய்ப் புட்டி அடுப்புப் பக்கத்திலேயே குடியிருக்கும். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் குளிர் என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே நான் இங்கே சொல்வது என் இளமைக்காலம் அல்ல. ஜெனி என்ற பிள்ளையின் முதல் குளிர்காலம்; அவளுக்கு அது நினைவிருக்க வழியில்லை, எனக்கு இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மூன்று அறை, மூன்று குடும்பம், ஒரே அடுக்களை, ஒரே குளியலறை. ஓர் அறையில் நர்ஸ் வேலை பார்த்த என் மகள் ஜெசிந்தா, மருமகன், பேரன் ஜெரோம், நான். அடுத்ததில் எங்கள் கடற்கரைப் பக்கத்து ஸ்டெல்லாவும் அவள் புருஷன் அந்தோணியும். அவள் நர்ஸ், அவன் ஏசி மெக்கானிக். மூன்றாவதில் பெரம்பலூர்க்காரர்கள், டிரைவர் முருகேசனும் வள்ளியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பழைய வயரிங் ஆனதால் இரண்டு ஹீட்டரைச் சேர்த்துப் போட்டால் "பியூஸ்" போய்விடும். பில்டிங் காவல்காரன் மாடியேறி வந்து "மாஃபி ஹீட்டர், மாஃபி ஹீட்டர்" என்று அரபியில், ஹீட்டரே கூடாதென்று, கத்துவான். அதனால் முறை வைத்துத்தான் போட்டுக்கொள்வோம்.

ஸ்டெல்லாவுக்கு அந்த ஐப்பசியில் ஜெனி பிறந்தாள். நர்சுகளின் பிள்ளைகளை மூன்று மாதத்தில் ஊருக்கு அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். லீவு முடியும், டூட்டி தொடங்கும், ஊருக்குப் போகிற யாராவது ஒருவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, தாய் விமான நிலையத்திலிருந்து நேரே வார்டுக்குப் போவாள். என் ஜெரோமும் அப்படி என் கைக்கு வந்து சேர்ந்தவன்தான். ஏழு வயதுவரை நான் வளர்த்தேன். பிறகுதான் ஜெசிந்தா எங்கள் இருவரையும் குவைத்துக்கு வரவழைத்தாள். வந்து எத்தனையோ நாள் ஆன பிறகும், பிரிட்ஜைத் திறந்து பால் எடுக்க, பெற்ற தாயிடமே அனுமதி கேட்டுக்கொண்டு நின்றான். நல்ல ஒழுக்கம் என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு அது விருந்துக்கு வந்த பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

அதனால்தான் ஜெனியை அனுப்பப் போகிறேன் என்று அந்தோணி சொன்னபோது, "விட்டுட்டுப் போங்க மக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வள்ளி, "நானும் இருக்கேன்ல பெரியம்மா" என்றாள். அந்தோணிக்கு மனமில்லை. இந்தக் குளிர் பிள்ளைக்கு ஆகாது என்பதே அவன் பேச்சு.

அங்கே வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த காலை. பூசைக்குப் புறப்படும் முன் நான் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்த்து, தூங்கவைத்துவிட்டு, என் வீட்டாரோடு பஸ் ஏறினேன். விழித்து அழுத பிள்ளையை வள்ளி எடுத்தாள். உடம்பு பிசுபிசுவென்றிருக்கிறதே, பெரியம்மா அவசரத்தில் எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து அவளும் வார்த்தாள், பிறகு தூங்கிக்கிடந்த அந்தோணி பக்கத்தில் படுக்கவைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நைட் டூட்டி முடிந்து வந்த ஸ்டெல்லா, வாரம் முழுக்கப் பிள்ளையைக் குளிப்பாட்டக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கத்தில் மூன்றாவது முறை வார்த்தாள். மாலையில் ஜெனிக்கு உடம்பு கொதித்தது, நெஞ்சில் கரகரவென்று இழுப்பு.

கிளினிக்கில் காட்டி மருந்து வாங்கி வந்ததும் கூடத்தில் நின்று அந்தோணி சொன்னான்: "கலாஸ் மாமி, முடிஞ்சு போச்சு. பாக்க மூணு பேருன்னா மூணு குளியா? காய்ச்சல் விட்டதும் அனுப்பிருவேன். பக்கத்து பில்டிங்ல ஒரு குடும்பம் லீவுல போவுது."

"நீ வீட்டுலதானே கெடந்த? உனக்குக் காது இல்லியா?"

"ஓவர்டைம் முடிச்சு வந்து செத்த பொணமாக் கெடந்தேன் மாமி."

"பெறவு என்ன? வார்த்தது நாங்க மூணு பொம்பளைக. அனுப்புனா எங்கள அனுப்பு. பிள்ளைய எதுக்குலே நாடு கடத்துத?"

முருகேசன் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். அந்தோணி சிரிக்கவில்லை. நான் விடவும் இல்லை. "என் பேரன் பெத்த அம்மைகிட்ட ஒரு கிளாஸ் பால் கேக்க எப்படி யோசிக்கான்னு நீ பாத்ததில்லியா? உனக்கும் அப்படி ஒண்ணு வேணுமா?" என்றேன்.

அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தோணி அவள் முதுகைப் பார்த்தான்.

"குளிர் போற வரைக்கும் பாப்போம்," என்றான் கடைசியில். "இன்னொரு தடவ இழுத்துச்சுன்னா நான் யாரு பேச்சும் கேக்க மாட்டேன்."

அன்று முதல் ஹீட்டருக்கு முறை கிடையாது. அது ஜெனி அறைக்கே. முருகேசன் வண்டி ஓட்டுகிற கோட்டோடும் காலுறையோடும் படுத்தான். ஜெசிந்தா என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை; ஆனால் தன் கம்பளியை மடித்து ஸ்டெல்லாவின் கட்டிலில் வைத்துவிட்டு டூட்டிக்குப் போனாள். வார்டில் செய்வதுபோலக் கைமாற்றுகிற பழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள். பிள்ளையை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கும்போது, "பால் குடிச்சாச்சு, மருந்து குடுத்தாச்சு, குளி இல்ல" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். "ஆஸ்பத்திரி தேவல" என்று வள்ளி முனகுவாள், ஆனால் ஒருநாளும் சொல்லத் தவறியதில்லை.

காய்ச்சல் விட்டது. நெஞ்சு மெல்லத் தெளிந்தது. தையும் மாசியும் ஒவ்வொரு இருமலுக்கும் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தே கழிந்தன. மணற்காற்று வீசத் தொடங்கி, ஹீட்டரைத் துடைத்து அலமாரி மேல் ஏற்றிய வாரத்தில் அந்தோணி ஒரு நடைவண்டி வாங்கி வந்தான். ஊருக்கு அனுப்புகிற பேச்சு பிறகு எழவே இல்லை.

அந்தப் பிளாட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. இப்போதெல்லாம் அவரவர்க்குத் தனி வீடு, பிள்ளையைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள். ஒரு பிள்ளைக்காக மற்ற இரண்டு வீட்டாரும் குளிரில் படுக்கிற வழக்கம் போய்விட்டது. முருகேசனும் வள்ளியும் ஊர் திரும்பியதோடு தொடர்பு விட்டுப்போனது. ஜெரோம் கனடாவிலிருந்து ஞாயிறு தவறாமல் அவன் அம்மாவுக்குப் போன் செய்து, சாப்பிட்டீங்களா என்று மரியாதையாக விசாரிக்கிறான்.

சென்ற மாதம் ஸ்டெல்லா என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஜெனி வந்து எதற்கோ தாயோடு இங்கிலீஷில் சண்டை பிடித்தாள். ஸ்டெல்லா ஒரு பக்கம் கத்த, அவள் ஒரு பக்கம் கத்த, கடைசியில் கதவு படாரென்று சாத்திய சத்தம் என் காதுவரை கேட்டது. "பாருங்க மாமி, பெத்தவன்னு ஒரு பயம் இருக்கா இவளுக்கு!" என்று ஸ்டெல்லா அழாத குறையாகச் சொன்னாள்.

"இல்லட்டி," என்றேன். "அந்தப் பயம் வராம இருக்கத்தான் அவ்வளவு பாடுபட்டோம்."