ஆனி மாதத்துப் படம்

என் அண்ணனுக்கு நெஞ்சுக்குள் நிணநீர்க் கட்டி. எண்பதுகளின் தொடக்கத்தில் மதராஸில் கதிர் சிகிச்சை கொடுத்து, சித்திரைக் கடைசியில் ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பி வைத்தார்கள். கழுத்திலிருந்து மார்பு வரை தோல் கறுத்திருந்தது. எச்சில் விழுங்கக்கூட முகத்தைச் சுளித்தான். வாய் மட்டும் குறையவில்லை. நான் கல்யாணமாகிப் போனால்தான் ஜன்னல் ஓரத்து அறை அவனுக்குக் கிடைக்கும் என்று என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பான்.

டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கதிர் பட்ட இடம் உள்ளே வெந்து வீங்கிக் கிடக்கும், அடங்க மூன்று மாதமாவது ஆகும். அதற்கு முன் நெஞ்சைப் படம் எடுத்தால் வீக்கம் எது, நோய் எது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆவணியில் வாருங்கள் என்றார். அப்பா பலமாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு வரன் கூடிவந்தது. ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கும் குடும்பம். பையனுக்கு என்னைப் பிடித்திருந்தது, எனக்கும்தான். பையனின் அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: பெண்ணின் அண்ணனுக்கு முழுசாகக் குணமாகிவிட்டதா? ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேச முடியாது, ஆனியிலேயே தட்டு மாற்றிக்கொள்ளலாம், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார். வெந்து கிடக்கும் நெஞ்சுக்கு ஆனி ஏது, ஆடி ஏது? அதை அப்பாவிடம் யார் சொல்வது?

நான் சொன்னேன். வேண்டாம் என்று சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அண்ணனே கேட்கவில்லை. படம் சுத்தமாக வரும், உன்னைத் தள்ளிவிட இதைவிட நல்ல வழி ஏது என்று சிரித்தான். டாக்டரிடம் சொல்லாமல், மதராஸிலேயே வேறோர் இடத்தில் எடுத்தார்கள்.

இரண்டு நுரையீரலுக்கும் நடுவே நிழல் தெரிந்தது. படத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடமே ஓடினார்கள். அவர் அப்பாவைக் கண்டபடி திட்டினாராம். இது தழும்பாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம், இப்போது கேட்டால் எனக்கும் தெரியாது, ஆவணியில் வாருங்கள் என்றுதான் மறுபடியும் சொல்லியிருக்கிறார். அப்பாவின் காதில் நோய் மட்டும் விழுந்தது. அண்ணன் காதிலும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஜீயபுரத்துக்காரர்கள் அதன் பிறகு வரவே இல்லை. அதற்காக நான் அழவில்லை என்றால் அது பொய். ஆனால் அண்ணனைப் பார்க்கப் பார்க்க அதுவும் சின்ன விஷயமாகிவிட்டது. என்னைச் சீண்டுவதை அவன் அடியோடு விட்டுவிட்டான். தட்டில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது.

ஆவணி வந்தது. ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அண்ணன் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. அப்பா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அவர் வெளியே போன பிறகு அண்ணன் என்னிடம் சொன்னான்: "தெரியாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல, எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அங்க போனா அதுவும் போயிரும்."

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை அவனால் கையைத் தூக்க முடியவில்லை என்று நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தலையிலிருந்து கழுத்துக்கு இறங்கியபோது, காதுக்குக் கீழே விரலடியில் ஓர் உருண்டை நகர்ந்தது. கையை எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று அதன் மேலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"போதும்மா," என்றான். "எனக்குப் போன வாரமே தெரியும்."